பிள்ளைக்காம்பராவில் என் கைகள்

தெரணியகலைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருக்கிற ஒரு தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் ஸ்டோர் என்கிற ஆலைக்கும் போவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். வேலை முடிந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இடையில் உள்ள நேரம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கரைப்பதும், சோறு ஊட்டுவதும், கழுவிவிடுவதும், தூங்கவைப்பதும் என் வேலை.

கொரோனாவுக்காக மூடியிருந்த பிள்ளைக்காம்பராவைத் திரும்பத் திறந்தபோது புதிய சட்டங்கள் வந்தன. ஒரு பிள்ளையைத் தொட்டுவிட்டு அடுத்த பிள்ளையைத் தொடும் முன் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். காலையும் மாலையும் தரையைக் குளோரின் தண்ணீரால் துடைக்க வேண்டும். விளையாட்டுச் சாமான்களையும் அதே தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். வாசலில் ஒரு ஸ்பிரிட் போத்தல் தொங்கியது. வருகிற ஆளுக்கெல்லாம் அதை ஊற்றிவிட்டு நானும் தேய்த்துக்கொள்வேன். பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பதினான்கு பிள்ளைகளின் துணியையும் நான்தான் அலசினேன்.

முதலில் மோதிர விரலின் அடியில் அரித்தது. மோதிரத்துக்குள் சவுக்காரம் தங்குகிறது என்று நினைத்து அதைக் கழற்றி வைத்தேன். அரிப்பு நிற்கவில்லை. விரல் இடுக்குகளில் சவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் வந்தன. அவை உடைந்து காய்ந்து தோல் தடித்தது. பிறகு தடித்த தோல் வெடித்தது. தேசிக்காய் வெட்டினால் புளிச்சாறு பட்டுக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரியும். ஊட்டும்போது சோற்றில் ரத்தம் பட்டுவிடுமோ என்று பயந்து கரண்டியால் ஊட்டத் தொடங்கினேன்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன். கை மஞ்சளானதுதான் மிச்சம். தெரணியகலை டவுனில் உள்ள மருந்துக் கடைக்காரர் கையைப் பார்த்ததுமே, "அலர்ஜி எகக்", ஒரு அலர்ஜிதான் என்று சிங்களத்தில் சொல்லி ஒரு டியூப் கொடுத்தார். பூசினேன். நாலே நாளில் கை பழையபடி ஆனது. டியூப் முடிந்த அடுத்த வாரம் முன்னைவிட மோசமாக வந்தது. இன்னொரு டியூப் வாங்கினேன். இப்படியே ஆறேழு மாதம் ஓடியது.

என் கணவர் டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். அந்த நாட்களில் அவர் தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவ ஆரம்பித்தார். பிறகு சாப்பிட்ட தட்டையும். கல்யாணமான பதினொரு வருடத்தில் செய்யாத காரியம். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. நான் கழுவியதில் சாப்பிட அருவருப்பாக இருக்கிறது போல என்று நினைத்தேன். கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஒருநாள், தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்கிற வெல்ஃபெயர் மிஸ் வந்து என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன இது, இப்படி வச்சிக்கிட்டு இருக்கீங்க" என்று கேட்டார். அடுத்த வாரமே ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் கையுறை கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். நானும் நன்றியோடு வாங்கி, கழுவுகிற வேலைக்கெல்லாம் அதைப் போட்டேன். மூன்றாவது நாள் மணிக்கட்டைச் சுற்றி, கையுறையின் வாய் படுகிற இடத்தில், கயிறு கட்டியதுபோல் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் புறங்கை முழுக்க வீங்கி நீர் வடிந்தது. நோய்தான் முற்றுகிறது என்று எண்ணிக் கையுறையை இன்னும் அதிக நேரம் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள்.

முதலில் நிறுத்தியவள் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஒரு பெண். ரப்பர் ஸ்டோரில் வேலை. பால் உறைய வைக்கிற தொட்டிகளில் நின்று, உறைந்ததை எடுத்து மெஷினுக்குக் கொடுப்பாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. யார் தூக்கினாலும் அழும், என்னிடம் மட்டும் வந்துவிடும். ஒரு மாலை பிள்ளையை எடுக்க வந்தவள் என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, நாளையிலேருந்து பாப்பா வராது. எங்க நாத்தனா பாத்துக்கிறேன்னு சொல்றாங்க."

"ஏன்மா, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டென்று போய்விட்டாள். நாத்தனாரும் கொழுந்துக்குப் போகிறவள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் நின்றன. அதற்குள் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு வந்துவிட்டது. குஷ்டம் என்ற சொல்லை யாரும் என் முன்னால் சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒங்கள ஆளுக ஒரு மாதிரியா பேசுறாங்க அக்கா. பெரிய வியாதின்னு. நான் நம்பல."

நம்பவில்லை என்றவள் அன்று நான் கொடுத்த தேநீரைக் குடிக்கவும் இல்லை. ஆடி மாதக் கோயில் அன்னதானத்துக்கு ஒவ்வொரு வருடமும் காய் வெட்டப் போவேன். அந்த வருடம் யாரும் வரவேண்டாம் என்று சொல்லாமலே நான் போகாமல் இருந்துவிட்டேன்.

வெல்ஃபெயர் மிஸ் வந்து கதிரையில் உட்காராமல் நின்றபடியே பேசினார். "டாக்டர்கிட்ட காட்டி, ஒட்டாத வியாதின்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டுல இருங்க. நான் வேற ஆளைப் போடல, ஒங்க எடம் அப்படியே இருக்கும்." குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்காம்பரா சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டுவிட்டேன். "ஒங்களுக்கும் அருவருப்பா இருக்கா? அதுனாலதான் தட்டைக் கழுவுறீங்களா?"

அவருக்கு முதலில் நான் கேட்டது புரியவே இல்லை. பிறகு சொன்னார். "டிஸ்பென்சரி ஐயாகிட்ட கேட்டேன். தண்ணியில கைய வச்சா புண்ணு கூடும்னாரு. அதுதான் கழுவுறேன். நீ என்னத்தப் போட்டு மனசுல வச்சிருக்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"இதெல்லாம் என்னத்தைச் சொல்றது."

அடுத்த நாள் அதிகாலை பஸ்ஸில் அவிசாவளைப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் கிளினிக்கில் நம்பர் துண்டு எடுத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கையைச் சேலை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அக்கம்பக்கத்தைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிற ஒரு மேசன் பாஸ். அவருடைய உள்ளங்கை காய்ந்த வயல் மாதிரி வெடித்திருந்தது. சீமெந்து என்றார். அவருக்கு அந்தப் பக்கம் சலூனில் முடிக்கு டை பூசுகிற ஒரு இளம்பெண். விரல் நுனிகளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். எதிரே கைக்குழந்தையோடு ஒரு முஸ்லிம் தாய், அவளுக்கும் விரல் இடுக்கில் எனக்கு இருப்பதே இருந்தது. பெஞ்சின் கோடியில் வெள்ளை உடுப்போடு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். வரிசையை ஒழுங்குபடுத்த வந்தவர் என்று நினைத்தேன். அவர் கையிலும் நம்பர் துண்டு இருந்தது.

மேசன் பாஸ் சிங்களத்தில் கேட்டார், "ஒயாகெத் அதத?" உங்களுக்கும் கைதானா என்று. நான் முந்தானையை விலக்கிக் காட்டினேன். அவர் நன்றாகக் குனிந்து பார்த்தார். சலூன் பெண் எழுந்து வந்து பார்த்தாள். தனக்கு இதைவிட மோசமாக இருந்தது, இப்போது பரவாயில்லை என்றாள். நர்ஸும் தன் விரல்களை நீட்டினார். மாதக்கணக்காக நான் மறைத்துக்கொண்டிருந்ததை அந்த பெஞ்சில் எல்லாரும் சமையல் குறிப்பு பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்த சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை, யார் எந்த எண்ணெய் பூசினார், யாருடைய மாமியார் என்ன சொன்னார். என் நம்பர் வந்ததைக்கூட முதலில் கவனிக்கவில்லை.

டாக்டர் ஒரு இளம் பெண். பஞ்சைத் திரித்து என் கையில் அங்கங்கே தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற இடத்தைச் சொல்லச் சொன்னார். எல்லா இடமும் தெரிந்தது. குஷ்டம் என்றால் தொடுவது தெரியாது என்பார்கள், அதற்குத்தான் அந்தச் சோதனை என்று எனக்குத் தெரியும்.

"நீங்க பயப்படுற நோய் இல்ல" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். பிறகு, "மேக போ வென்னே நே" என்றார். இது தொற்றாது. அந்த நான்கு சொல்லையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறேன் என்று கேட்டார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இயற்கையாக இருக்கிற எண்ணெய்ப் பசையைச் சவுக்காரமும் குளோரினும் கழுவிக் கொண்டுபோய்விட்டன, அதனால்தான் தோல் வெடிக்கிறது என்றார். நர்ஸ்மாருக்கும் சமையல்காரருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இது நிறைய வருவதாகவும், பாதிப் பேர் டாக்டரிடம் வராமல் கடை டியூபிலேயே காலத்தைக் கழிப்பதாகவும் சொன்னார். மணிக்கட்டில் இருந்த கோட்டைப் பார்த்ததும் மட்டும் கொஞ்சம் யோசித்தார். கையுறை போட்டீர்களா என்று கேட்டார். ஒட்டுச் சோதனை செய்யக் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் வாடகை அறையில் இருக்கிற என் தங்கச்சியிடம் ஒரு வாரம் தங்கினேன். திங்கட்கிழமை முதுகில் வரிசை வரிசையாகச் சின்ன மருந்துப் பொட்டுகளை வைத்து ஒட்டினார்கள். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது என்றார்கள். வத்தளை வெயிலில் மின்விசிறிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை உரித்தார்கள், வெள்ளிக்கிழமை பார்த்துச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அங்கே வைத்த இரண்டும் ரப்பர் கையுறை செய்யும்போது சேர்க்கிற மருந்துகள்.

"நான் பொறந்ததே ரப்பர் தோட்டத்துலதான்" என்றேன் அங்கிருந்த டாக்டரிடம். "எங்க அம்மா பால் வெட்டினவங்க. சின்னதுல ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து விளையாடியிருக்கோம். எனக்கு எப்படி ரப்பர் ஒத்துக்காம போகும்?"

மரத்துப் பாலால் வந்ததல்ல, அதைக் கையுறையாக்கும்போது கலக்கிற மருந்தால் வந்தது என்று அவர் விளக்கினார். வெடித்த தோல் வழியாக அது உள்ளே போயிருக்கிறது. இனி வாழ்நாள் முழுவதும் அந்த மஞ்சள் கையுறையைத் தொடக் கூடாது. பருத்திக் கையுறை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் கையுறை போட வேண்டும். சவுக்காரத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் களிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறை கை நனைந்த பிறகும் களிம்பு பூச வேண்டும். முழுக்கக் குணமாகுமா என்று கேட்டேன். "குறையும். திரும்ப வரும். பார்த்துக்கொண்டால் கொஞ்சமாக வரும்" என்றார்.

ஒட்டாத நோய் என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை வெல்ஃபெயர் மிஸ் படித்துவிட்டு பிள்ளைக்காம்பரா வாசலில் ஒட்டினார். நான் திரும்ப வேலைக்குப் போனேன். குளோரின் வாளியைத் தூக்கவும் துணி அலசவும் உதவிக்கு ஒரு பெண்ணைப் பாதி நாளுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கை மெல்ல ஆறியது. ஆனால் நின்ற பிள்ளைகள் நான்கும் வரவில்லை. கடிதம் சிங்களத்தில் இருந்தது, எங்கள் தாய்மாரில் பேசத் தெரிந்தவர்கள் பலர், வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர். வாசித்தாலும் ஒரு கடதாசி போதாது என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வீடு போய்ப் பேசுவது என்று முடிவு செய்தேன். முதலில் மேட்டு லயத்துக்குத்தான் போனேன்.

அவள் ஸ்டோர் விட்டு வந்து மாலை ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். பாப்பா என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அவள் எழுந்திருக்கவில்லை. மாவுக்குள் இருந்த கையை எடுக்கவும் இல்லை. கிட்டப் போன பிறகுதான் பார்த்தேன். கடைச் சாமான் கட்டித் தருகிற பொலித்தீன் பையைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டியிருந்தாள்.

"கையைக் காட்டுமா" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

நான் என் பருத்திக் கையுறையைக் கழற்றி முதலில் என் கையை நீட்டினேன். அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு பல்லால் நூலை இழுத்து அவிழ்த்தாள். விரல்களுக்கிடையில் பச்சைப் புண். புறங்கை கறுத்துத் தடித்துப்போய் இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"போன தீபாவளிக்கு முன்னாடியிலேருந்து." அவள் பாப்பாவைப் பார்த்தாள். "ஒங்ககிட்டேருந்து பாப்பா வழியா எனக்கு ஒட்டிருச்சின்னு நெனச்சேன். பாப்பாவுக்கும் வந்திரும்னு பயந்துதான் நிப்பாட்டினேன். நான் யாருகிட்டயும் ஒங்களப் பத்திப் பேசலக்கா. நாத்தனாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

நாத்தனாரிடம் சொன்னால் பீலிக்கரை முழுக்கச் சொன்ன மாதிரிதான். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. கொஞ்சம் வந்தது. ஆனால் அந்தப் புண்ணில் உப்புப் போட்ட மா பட்டால் எப்படி எரியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ரொட்டியை நான் தட்டுகிறேன் என்று சொல்லி அவளை நகர்ந்து உட்காரச் சொன்னேன். பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு மீதி மாவைத் தட்டினேன். அவள் மறுக்கவில்லை. முதல் ரொட்டியைப் பிய்த்துப் பாப்பாவுக்கு அவளே ஊட்டினாள்.

"ஸ்டோர்ல கையுறை தர்றாங்கதானே?" என்று கேட்டேன்.

"தர்றாங்க. விரல்ல ஓட்டை. பால் உறையுறதுக்கு ஊத்துற ஆசிட் தண்ணி உள்ள போயிரும். நாள் முழுக்க அதுலயே ஊறும்."

"பொறகு ஏன் சொல்லல?"

"சொன்னா வேலையிலேருந்து நிப்பாட்டிருவாங்க. ஒங்களையே வீட்டுல இருக்கச் சொன்னாங்களே."

"அடுத்த கிளினிக்குக்கு என்னோட வாம்மா" என்றேன்.

அடுத்த கிளினிக் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அலர்ஜி எதுவும் இல்லை என்றார் அதே டாக்டர். ஆசிட்டும் ஈரமும் தோலை அரித்த புண். ஓட்டையில்லாத நீளமான ரப்பர் கையுறை போட்டால் போதும், ஆறிவிடும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பார்வைக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி. எனக்கு ஆகாத சாமான் அவளுக்கு மருந்து. நாமே வைத்தியம் பார்த்தால் எங்கே போய் முடியும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

வெல்ஃபெயர் மிஸ்ஸிடம் நானே போய்ப் பேசினேன். அவளை நிறுத்தக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். மிஸ் முகம் கொஞ்சம் வாடியது. என்னை வீட்டில் இருக்கச் சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். அவர் ஸ்டோர் ஐயாவிடம் பேசினார். முழங்கை வரை வருகிற கையுறைகள் தொட்டியில் நிற்கிற எல்லாருக்கும் வந்தன. அவளை இரண்டு மாதம் ரப்பர் ஷீட் காயப்போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். கையுறை வாங்க வந்த ஐந்து பெண்களில் மூன்று பேருக்குக் கையில் புண் இருந்தது என்று அவள் வந்து சொன்னாள். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே தொட்டிக்கு முன்னால் நின்று மறைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறவளாகிவிட்டேன். பஸ்ஸில் மிச்சக் காசு தருகிற கண்டக்டர், கித்துல்கல ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற என் மைத்துனன், பாடசாலையில் சுண்ணக்கட்டி பிடிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர். அந்த டீச்சர் ஒருநாள் என்னிடம், "உங்கட கைக்கு என்ன மருந்து பூசினனீங்கள்? எனக்கும் கனகாலமாக் கிடக்கு" என்று கேட்டார். கிளினிக் நாளைச் சொன்னேன், மருந்தைச் சொல்லவில்லை.

பாப்பா மறுபடியும் வர ஆரம்பித்த வாரத்திலேயே மற்ற மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காலை சீனி கேட்டு வந்து, தேநீரும் குடித்துவிட்டுப் போனாள்.

என் கை முழுக்கக் குணமாகவில்லை. மழை மாதங்களில் விரல் இடுக்கு அரிக்கும். சென்ற மாதம் தரை துடைக்கப் புதிதாக ஒரு நீல மருந்து வந்தது. பருத்திக் கையுறைக்குள்ளும் இரண்டே நாளில் கொப்புளம் கண்டது. இந்த முறை நான் ஆறு மாதம் பொறுத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை போத்தலையும் கையையும் மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வேறு மருந்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார். அது வரும்வரை வெறும் தண்ணீரால் துடைக்கிறோம்.